குரோமோசோமின் முனை

நூலாயினும் கயிறாயினும் அதற்குத் தொல்லை வருவது நுனியிலேயே. நடுவில் எத்துணை உறுதியாக முறுக்கியிருந்தாலும், நுனியைக் கட்டாது விட்டால் புரி பிரிந்து, சில நாளில் கயிறு முழுதும் குலைந்துவிடும். துண்டு நெய்கிறவர் அதன் இரு ஓரத்து நூல்களையும் சிறு சிறு கற்றைகளாக முறுக்கி முடியிட்டு விடுவது இது பற்றியே. நம் உடம்பின் உயிரணுக்களிற் பெரும்பாலானவற்றில் இத்தகைய இழைகள் 46 உண்டு. ஆகவே நுனிகள் 92. குரோமோசோம்கள் என்று பெயர் பெற்ற அவ்விழைகளின் நுனிகளை உயிரணு எவ்வாறு கட்டிப் பாதுகாக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். கேட்கும்பொழுது இஃது அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆயினும் மூப்பைப் பற்றிய ஆராய்ச்சியும் புற்றுநோயைப் பற்றிய ஆராய்ச்சியும் வெவ்வேறு வழியாகப் புறப்பட்டு இந்த நுனியிலே வந்து சந்தித்திருக்கின்றன.

தாவர சாஸ்திரம் பயிலும் மாணவர்கள் வெங்காய வேரின் நுனியைச் சாயத்தில் தோய்த்து, கண்ணாடிச் சில்லின்மேல் நசுக்கி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துக் குரோமோசோம்களைக் கண்டிருப்பர். அவை அங்கே குட்டையான தடித்த குச்சிகள் போலத் தென்படும். உண்மையில் அவை குச்சிகள் அல்ல. அளவிறந்த நீளமுள்ள மெல்லிய டி.என்.ஏ. இழை சுருண்டும் மடிந்தும் அமைந்த பொதிகளே. மனித உயிரணு ஒன்றிலுள்ள டி.என்.ஏ. முழுவதையும் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் நீளம் வரும். அஃது அடங்கியிருக்கும் உட்கருவின் குறுக்களவோ ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே. இவ்வளவு நீளத்தை அவ்வளவு சிறிய இடத்தில் அடக்குவதற்கு ஹிஸ்டோன் என்னும் புரோட்டீன்கள் துணை செய்கின்றன. எட்டு ஹிஸ்டோன்கள் கூடி ஒரு சிறு உருளையாக அமைகின்றன. இழையானது அவ்வுருளையின்மேல் ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றிக்கொண்டு, பின்னர் அடுத்த உருளைக்குச் செல்கிறது. இந்த அமைப்பை 1974-ஆம் ஆண்டில் ராஜர் கார்ன்பெர்க் என்னும் அறிஞர் விளக்கிக் காட்டினார். இதற்கு நியூக்ளியோஸோம் என்று பெயர்.

டி.என்.ஏ. என்பது இரண்டு புரிகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கிய இழை. அதில் எழுதப்பட்டுள்ள எழுத்துக்கள் நான்கே: அடினைன், தைமின், குவானைன், சைட்டோசைன். ஒரு புரியில் அடினைன் நிற்குமிடத்தில் எதிர்ப்புரியில் தைமின் நிற்கும். குவானைனுக்கு எதிரே சைட்டோசைன் நிற்கும். சுருக்கம் கருதி இவற்றை முறையே அ, தை, கு, சை என்று குறிப்போம்.

இழையின் நுனியில் ஏதோ ஒரு விசேஷம் உண்டு என்று முதலில் உணர்ந்தவர்கள், டி.என்.ஏ.யின் வடிவம் அறியப்படாத காலத்தில் இருந்தவர்கள். பழங்களில் மொய்க்கும் சிறு ஈயின்மீது எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சி, அதனால் பரம்பரைக் குணங்கள் மாறுவதை 1927-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் ஹெர்மன் முல்லர். கதிர்பட்ட குரோமோசோம்கள் துண்டுபட்டு, அத்துண்டுகள் பலவாறு மாறி ஒட்டிக்கொள்வதை அவர் கண்டார். ஒன்றை மட்டும் அவர் காணவில்லை. குரோமோசோமின் இயற்கையான முனையை அடியோடு இழந்துவிட்டு, வெட்டுண்ட முனையோடு நிலைத்து நிற்கும் குரோமோசோம் அவருக்கு அகப்படவில்லை. ஆகவே, முனைக்கு அடைப்புப் போன்ற ஏதோ ஒன்று இன்றியமையாதது என்று கருதி, 1938-ஆம் ஆண்டில் அதற்கு டெலோமியர் என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் டெலோஸ் என்றால் முடிவு. மெரோஸ் என்றால் பகுதி.

அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் மிஸ்ஸூரிப் பல்கலைக் கழகத்தில் பார்பரா மக்ளின்டாக் அம்மையார் மக்காச்சோளத்தின் குரோமோசோம்களை ஆராய்ந்துவந்தார். ஒரு குரோமோசோம் முறிந்தால் முறிந்த முனைகள் ஒட்டும் தன்மையுடையனவாகி, இன்னொரு முறிந்த முனையைத் தேடிப் பற்றிக்கொள்வதை அவர் கண்டார். இவ்வாறு ஒட்டிய குரோமோசோமை, உயிரணு பிரியும்பொழுது இரு பக்கத்திலிருந்தும் இழுக்கும் விசைகள் எதிரெதிரே இழுக்கின்றன. அது பாலம் போல நீண்டு, நடுவில் எங்கேனும் முறிகிறது. முறிந்த முனைகள் மறுபடியும் ஒட்டுகின்றன, மறுபடியும் முறிகின்றன. ஒவ்வொரு முறையும் எழுத்துக்கள் ஒரு பக்கம் குறைந்தும் மறுபக்கம் மிகுந்தும் போகின்றன. ஒரே ஒரு முறிவினால் இவ்வளவு நாசமும் விளைகிறது. இயற்கையான முனைகளோ எவ்வளவு நெருங்கி வந்தாலும் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை.

இங்கேதான் நமது வினா பிறக்கிறது. உயிரணுவுக்குள் முறிவுகளைத் தேடித் திரியும் காவலர்களாகப் பல புரோட்டீன்கள் உண்டு. வெயிலாலும், கதிர்களாலும், உயிரணுவுக்குள்ளே நிகழும் இரசாயன மாறுதல்களாலும் டி.என்.ஏ. முறிவது உண்டாகையால் அவர்கள் இன்றி உயிர் தரிக்க இயலாது. முறிந்த இழையின் முனை ஒன்று கண்ணிற்பட்டால் அவர்கள் அபாய அறிவிப்புச் செய்து, உயிரணு பிரிவதை நிறுத்தி, முனைகளை ஒட்டிவிடுவார்கள். குரோமோசோமின் இயற்கை முனையும் இழை ஒன்று முடியும் இடந்தானே? அதனை முறிவென்று அவர்கள் கொள்ளாதிருப்பது எதனால்? 92 முனைகளும் 92 முறிவுகளாகக் கொள்ளப்பட்டால் உயிரணு ஒரு நாளும் பிழைக்காது.

விடையின் முதற்பகுதி குளத்து நீரிலிருந்து வந்தது. டெட்ராஹைமீனா என்பது குளங்குட்டைகளில் வாழும் ஓரணு உயிர்; உடம்பெங்கும் நுண்ணிய மயிர்கள் கொண்டு நீந்துவது. இதன் பெரிய உட்கருவில் ஒரு குறிப்பிட்ட குட்டையான டி.என்.ஏ. இழை ஆயிரக்கணக்கான பிரதிகளாக இருக்கிறது. மனித உயிரணுவில் 92 நுனிகளைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதாகும். டெட்ராஹைமீனாவிலோ நுனிகள் மலிந்து கிடக்கின்றன. ஆராய்ச்சியில் வெற்றி பாதியளவு தக்க பிராணியைத் தெரிந்தெடுப்பதில் உள்ளது என்பதற்கு இதைவிட நல்ல சான்று காண்பது அரிது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவிற் பிறந்த எலிஸபெத் பிளாக்பர்ன் அம்மையார், யேல் பல்கலைக் கழகத்தில் ஜோஸப் காலின் ஆராய்ச்சிசாலையில் இந்நுனிகளின் எழுத்துக்களைப் படித்தார். அவர்கள் 1978-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு எளிமையானது. அங்கே எந்த அரிய செய்தியும் எழுதப்பட்டிருக்கவில்லை. 'தை தை கு கு கு கு' என்ற ஆறெழுத்துத் தொடரே இருபது முதல் எழுபது முறை வரை திரும்பத் திரும்ப வந்தது. நட்டுவனார் ஜதி சொல்வதுபோல் இருக்கிறது என்று நம்மவர் நகைக்கலாம்.

அடுத்து நிகழ்ந்த சோதனை துணிவு மிக்கது. ஜாக் ஷோஸ்டாக் என்பவர் ஈஸ்ட் என்னும் காடியிற் சிறு டி.என்.ஏ. இழைகளைப் புகுத்திப் பார்த்துவந்தார். நுனி திறந்த இழைகள் அங்கே நிலைக்கவில்லை. டெட்ராஹைமீனாவின் நுனிகளை அவ்விழையின் இரு பக்கமும் பொருத்தி ஈஸ்டுக்குள் விட்டபோது இழை நிலைத்து நின்றது. இச்செய்தியை அவரும் பிளாக்பர்ன் அம்மையாரும் 1982-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குளத்து உயிரின் முனையைக் காடி தன் முனையாக ஏற்றுக்கொண்டதிலிருந்து, இம்முறை உயிர்க்குலத்தில் மிகப் பழமையானது என்பது தெளிவாயிற்று.

மனிதனுடைய நுனியில் வரும் தொடர் 'தை தை அ கு கு கு' என்று 1988-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். குழந்தை பிறக்கும்பொழுது இத்தொடர் ஏறக்குறைய 10,000 முதல் 15,000 எழுத்திணைகள் நீளத்துக்குச் செல்லும். இன்னொரு விசேஷமும் உண்டு. இரு புரிகளும் ஒரே இடத்தில் முடிவதில்லை. குவானைன் மிகுந்த புரி, தன் துணைப்புரியைத் தாண்டி நூறு இருநூறு எழுத்துக்கள் அளவு தனியே நீண்டு நிற்கும். இந்த ஒற்றைப் புரி வாலைப் படிப்போர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் வரும் கதை முழுவதும் இதனைச் சுற்றியதே.

நுனிக்கு வேறொரு தொல்லையும் உண்டு. அது பலர் அறிந்ததாகையால் சுருங்கக் கூறுவோம். உயிரணு பிரியுமுன் டி.என்.ஏ.யைப் பிரதி செய்யவேண்டும். பிரதி செய்யும் என்ஸைம் வெற்றிடத்தில் தொடங்க அறியாது; முன்னே ஒரு சிறு பிடிமானம் வேண்டும். சுவர் எழுப்பும் கொத்தனாருக்குச் சாரம் போன்றது அது. நடுச்சுவரில் சாரத்தைப் பிரித்து இடைவெளியை அடைத்துவிடலாம். நுனியில் சாரம் நின்ற இடத்தை அடைக்க அப்பால் நிற்க இடம் இல்லை. ஆதலால் ஒவ்வொரு பிரதியும் மூலத்தைவிடச் சிறிது குறுகும். மாஸ்கோ நகரத்து அலெக்ஸி ஒலோவ்னிகோவ் இதனை 1971-ஆம் ஆண்டிலும், ஜேம்ஸ் வாட்ஸன் 1972-ஆம் ஆண்டிலும் தனித்தனியே எடுத்துரைத்தனர். உடம்பிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட மனித உயிரணுக்கள் ஏறக்குறைய ஐம்பது முறை பிரிந்தபின் ஓய்ந்துவிடுகின்றன என்று லெனர்டு ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் 1961-ஆம் ஆண்டில் கண்டிருந்ததற்கு ஒலோவ்னிகோவ் இதையே காரணமாகக் கொண்டார். ஏட்டுச் சுவடியில் ஓலையின் இரு ஓரத்தையும் எழுதாமல் விடுவது வழக்கம். ஓரம் உதிர்ந்தாலும் பாட்டு உதிராது. பொருளற்ற ஜதி நுனியில் நிற்பதன் பயனும் அதுவே.

உதிர்ந்த ஓரத்தைத் திரும்பச் சேர்க்கும் என்ஸைமும் உண்டு. பிளாக்பர்ன் அம்மையாரின் மாணவி கேரல் கிரைடர், 1984-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று ஆராய்ச்சிசாலைக்கு வந்து, தாம் செய்த சோதனையின் படத்தைப் பார்த்தபோது அதன் அடையாளத்தைக் கண்டார். டெலோமரேஸ் என்று பெயர் பெற்ற அந்த என்ஸைம் தன்னுள்ளே ஆர்.என்.ஏ. வடிவில் ஒரு சிறு மாதிரியை வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து ஜதியை எழுதிச் சேர்க்கிறது. பிளாக்பர்ன், கிரைடர், ஷோஸ்டாக் மூவரும் 2009-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர்.

பத்திரிகைகளிலும் நூல்களிலும் கதை பெரும்பாலும் இந்த நீளத்தோடு நின்றுவிடுகிறது. முன்னே எழுப்பிய வினாவுக்கு இது விடையாகாது. ஜதி நீளமாக இருக்கிறது என்பதனால் மட்டும் காவலர்கள் ஏமாந்துவிடுவதில்லை. எழுத்தின்மேல் அமர்ந்து, நுனியைப் பொதிந்து மறைக்கும் கட்டு ஒன்று வேண்டும். இக்கட்டுரை எழுத நேர்ந்ததும் அந்தக் கட்டின் பொருட்டே.

குவானைன் மிகுந்த புரி தானாகவே மடிந்து, நான்கு நான்கு குவானைன்கள் சதுரமாகக் கைகோத்து அடுக்கடுக்காக அமையும் என்று 1980-களின் இறுதியிற் கண்டனர். அஃது உண்மையே. எனினும் நுனியை உயிரணுவில் காப்பது முக்கியமாகப் புரோட்டீன்களின் தொழில். நுனியை இறுகப் பற்றியிருக்கும் புரோட்டீனை முதன்முதலாக டெட்ராஹைமீனாவுக்கு உறவான ஆக்ஸிட்ரிக்கா என்னும் உயிரில் 1986-ஆம் ஆண்டில் கண்டெடுத்தார்கள். மனித உயிரணுவில் அதனைத் தேடிப் புறப்பட்டவர் நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் பல்கலைக் கழகத்துத் திதியா டி லாங்கே அம்மையார். அவருடைய ஆராய்ச்சிசாலை 1995-ஆம் ஆண்டில் முதல் புரோட்டீனைப் பிரித்தெடுத்தது. இவ்வாறு பத்தாண்டுகளில் பல இடங்களிலும் கண்டெடுக்கப்பட்டவை ஆறு. அவை தனித்தனி அல்ல, ஒரே கூட்டம் என்று தெளிந்தபின், 2005-ஆம் ஆண்டில் டி லாங்கே அம்மையார் அக்கூட்டத்துக்கு ஷெல்டரின் என்று பெயரிட்டார். புகலிடம் என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லிலிருந்து அமைந்த பெயர் அது.

ஆறு பேரின் வேலைப்பங்கீடு பார்க்கத்தக்கது. டி.ஆர்.எஃப்.1, டி.ஆர்.எஃப்.2 என்ற இரண்டும் 'தை தை அ கு கு கு' என்ற ஜதியை இரட்டைப் புரியில் இனங்கண்டு அதன்மேல் அமர்கின்றன. பாட்1 என்பது ஒற்றைப் புரி வாலை மட்டும் பற்றுகிறது. இடையில் டின்2 என்பது முதல் இரண்டையும் ஒருங்கே பிடித்துக்கொள்ள, டி.பி.பி.1 என்பது டின்2-க்கும் பாட்1-க்கும் பாலமாக நிற்கிறது. ராப்1 என்பது டி.ஆர்.எஃப்.2-ஐ ஒட்டிக்கொண்டே இருக்கும். ஜதி தெரிந்தவரே இக்கூட்டத்தில் அமர முடியும். ஆதலால் குரோமோசோமின் நடுவில் எங்கேனும் முறிவு நேர்ந்தால் இவர்கள் போய் அங்கே அதனை மறைப்பதில்லை. முறிவு வேறு, முனை வேறு என்ற பேதம் இவ்வாறு எழுத்திலே தொடங்குகிறது.

ஆனால் கட்டு எப்படிப்பட்டது? 1999-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வடகரோலினாவிலுள்ள ஜாக் கிரிஃபித், டி லாங்கே அம்மையாருடன் கூடி, மனித உயிரணுக்களிலிருந்து நுனிகளை மட்டும் பிரித்தெடுத்தார். அவிழாதபடி இரசாயனப் பொருளாலும் ஒளியாலும் அவற்றின் இரு புரிகளையும் பிணைத்து, எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நேரான நுனிகளை எதிர்பார்க்குமிடத்தில் பெரிய வளையங்கள் தென்பட்டன. இழை தன்மேல் தானே திரும்பி வளைந்து, ஒற்றைப் புரி வாலை இரட்டைப் புரியின் நடுவே செருகிக்கொண்டிருந்தது. வேட்டி கட்டுவோர் நுனியைச் சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் உள்ளே செருகிக்கொள்வதைப் போன்றது இது. செருகிய வால் அங்கே தனக்கிணையான எழுத்துக்களோடு சேர்ந்துகொள்ள, அவ்விடத்துப் பழைய புரி சற்று ஒதுங்கி நிற்கிறது. இப்பொழுது பார்ப்பவருக்கு நுனி என்று ஒன்று இல்லை, வளையமே உண்டு.

இப்படம் செயற்கையாக உண்டானதன்று என்பதை நிறுவப் பதினான்கு ஆண்டு சென்றது. சாதாரண மைக்ராஸ்கோப்பின் எல்லையைக் கடந்து நுண்ணியவற்றைக் காட்டும் புதிய ஒளிமுறையை ஹார்வர்டு பல்கலைக் கழகத்து ஷியாவே ஜுவாங் அம்மையார் அமைத்திருந்தார். அதனைக் கொண்டு 2013-ஆம் ஆண்டில் எலியின் உயிரணுக்களிலும் வளையங்களைக் கண்டனர். டி.ஆர்.எஃப்.2-ஐ நீக்கினால் வளையங்கள் குறைந்தன. கூட்டத்தின் மற்றவர்களை நீக்கியதால் அவ்வாறு குறையவில்லை. செருகுவது யாருடைய கை என்பது இதனால் விளங்கிற்று.

வளையம் காவலர்களை எவ்வாறு ஏமாற்றுகிறது என்பதையும் கூறவேண்டும். முனைகளை ஒட்டும் தொழிலில் முன்னே வருவது கு என்ற பெயருள்ள ஒரு புரோட்டீன். (குவானைனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) இது மோதிர வடிவானது. மோதிரத்தை நூலில் கோப்பதற்கு நூலின் நுனி திறந்திருக்க வேண்டும். வளையத்தில் திறந்த நுனி ஏது? மோதிரம் கோக்கப்படாதபோது ஒட்டும் வேலை தொடங்குவதே இல்லை. முறிவு கண்டு கூவுகிறவர்களில் ஏ.டி.எம். என்ற காவலனும் திறந்த நுனியின் வழியாகவே எழுப்பப்படுகிறவன். அவனும் உறங்கிக் கிடக்கிறான். ஏ.டி.ஆர். என்னும் மற்றொரு காவலனை எழுப்புவது ஒற்றைப் புரி. ஆர்.பி.ஏ. என்ற புரோட்டீன் ஒற்றைப் புரியின்மேல் படர்ந்தால் அவன் விழித்துக்கொள்வான். உயிரணுவில் ஆர்.பி.ஏ.யின் தொகை பாட்1-ஐவிட மிக அதிகம். தொகையை மட்டும் கருதினால் பாட்1 தோற்கவேண்டும். ஆயின் பாட்1, டின்2-இனாலும் டி.பி.பி.1-இனாலும் அந்த இடத்திலேயே கட்டி நிறுத்தப்பட்டிருப்பதால், எப்பொழுதும் முந்திக்கொண்டு புரியைப் பற்றுகிறது. ஊரார் பலராயினும் வாசலில் குடியிருப்பவனே முதலில் கதவைத் தாழிடுவான்.

கட்டை அவிழ்த்தால் நேர்வது யாது என்பதையும் சோதித்தார்கள். டி.ஆர்.எஃப்.2-ஐ நீக்கிய உயிரணுவில் இரட்டைப் புரியின் ஜதி பெரும்பாலும் அப்படியே இருந்தது. எனினும் ஏ.டி.எம். விழித்தது, கு வந்தது, குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டி நீண்ட சங்கிலிகளாயின. மக்ளின்டாக் அம்மையார் மக்காச்சோளத்திற் கண்ட கோரம் ஜதி நிறைந்த முனைகளிலேயே நிகழ்ந்தது. முனையை முனையாக்குவது கட்டே என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

முன்னே கூறிய ஹிஸ்டோன் உருளைகள் நுனியில் இல்லையோ என்று வினவலாம். உண்டு; ஆனால் அடுக்கப்பட்ட முறை வேறு. சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்து லார்ஸ் நோர்டென்ஷியோல்டு, டேனியேலா ரோட்ஸ் ஆகியோரின் குழுவினர் மனித நுனியின் ஜதியை ஹிஸ்டோன்களோடு சேர்த்து அமைத்து, அதன் உருவை 2022-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குரோமோசோமின் பிற பகுதிகளில் உருளைக்கும் உருளைக்கும் இடையே இழை சற்று வெறுமையாக ஓடும். ஓர் உருளைக்கு ஏறக்குறைய 200 எழுத்திணைகள் செலவாகும். நுனியிலோ உருளைகள் காசுகளை அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி ஒரு தூணாக நிற்க, இழை இடைவெளியின்றித் தூணைச் சுற்றிச் செல்கிறது. ஓர் உருளைக்கு 132 எழுத்திணைகளே ஆகின்றன. இத்தூண் அசையாத கற்றூணும் அன்று. நடுவில் ஓர் உருளை வெளியே திரும்பி, தன் முகத்தைப் பிற புரோட்டீன்களுக்குக் காட்டும் நிலையும் காணப்பட்டது. இந்நுட்பம் பின்வருவதற்கு முக்கியமானது.

ஏனெனில் கட்டு என்றும் இறுகியே இருந்தால் அதுவும் கேடாம். உயிரணு பிரியுமுன் இழையை நுனிவரை பிரதி செய்யவேண்டும். செருகிய வால் வழியை மறித்து நிற்கும். அப்பொழுது மட்டும் ஆர்.டெல்1 என்னும் புரோட்டீன் வந்து வளையத்தை அவிழ்க்கிறது. பிரதி முடிந்ததும் டி.ஆர்.எஃப்.2 மறுபடியும் செருகிவிடுகிறது. ஆர்.டெல்1 அகாலத்தில் வந்தால் நுனி வெளிப்பட்டுக் காவலர் விழித்துக்கொள்வர். வராமலே போனாலோ, வேறு என்ஸைம்கள் வளையத்தை முழுதாக வெட்டி எறிந்துவிட, ஜதியின் பெரும்பகுதி ஒரே நாளில் பறிபோகும். டெலோமரேஸை நுனிக்கு அழைப்பதும் இக்கூட்டத்திலுள்ள டி.பி.பி.1-இன் வேலையே. மறைப்பவனே வழிகாட்டியாகவும் இருப்பது வியப்பு.

இக்கட்டிற் பிழை நேர்ந்து பிறக்கும் மனிதரும் உண்டு. டிஸ்கெராடோஸிஸ் கஞ்ஜெனிட்டா என்னும் அரிய நோயில் நகங்கள் சிதையும். தோலில் வலைபோல் நிறம் மாறும். வாயில் வெண்திட்டுக்கள் தோன்றும். பின்னர் எலும்பின் மச்சை இரத்தம் உண்டாக்க இயலாமல் சோர்ந்துபோகும். இந்நோயாளர் சிலரிடம் டெலோமரேஸில் பிழை உண்டு. வேறு சிலரிடம் டின்2-இல் பிழை உண்டென்று 2008-ஆம் ஆண்டில் தெரியவந்தது. நுனிகள் மிகக் குறுகிவிடுவதால் ஓயாது பிரியவேண்டிய மச்சை முதலில் வாடுகிறது. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. பாட்1-இன் பிழை சில குடும்பங்களில் தோலிற் கரும்புற்று நோய்க்குக் காரணமாவதை 2014-ஆம் ஆண்டில் கண்டனர். அவ்வகைப் பிழையுள்ளவர்களை ஆராய்ந்து 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட செய்தி, அவர்களுடைய நுனிகள் மிக நீண்டவை என்றும், பலவகைக் கட்டிகளும் இரத்த அணுக்களின் கேடுகளும் அவர்களுக்கு மிகுதி என்றும் காட்டிற்று.

இதன் காரணம் எளிது. நம் உடம்பின் பெரும்பாலான உயிரணுக்களில் டெலோமரேஸ் அடங்கியிருக்கிறது. கட்டுக்கடங்காமற் பிரியும் உயிரணு ஒன்று தோன்றினாலும் அதன் நுனிகள் தேய்ந்து, ஷெல்டரின் அமர இடமின்றி, காவலர் விழித்து அதனை நிறுத்திவிடுவர். புற்றுநோய்களில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை டெலோமரேஸை மறுபடி எழுப்பிக்கொண்டே இத்தடையைத் தாண்டுகின்றன. ஆகவே நுனியின் தேய்வு நமக்குப் பகை மட்டும் அன்று, காவலுமாகும். டெலோமரேஸைத் தடுக்கும் இமெடெல்ஸ்டாட் என்ற மருந்துக்கு, மச்சையைச் சார்ந்த ஒருவகை இரத்த நோயின் பொருட்டு, அமெரிக்க அரசு 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அனுமதி வழங்கியது.

இவ்வளவும் அறிந்தபின், நுனியை நீட்டி ஆயுளை நீட்டுவோம் என்று மாத்திரை விற்பவர்களையும், ஒரு துளி இரத்தத்தில் நுனியை அளந்து 'உண்மையான வயது' கூறுவோம் என்பவர்களையும் பற்றி என்ன நினைப்பது? ஆராய்ச்சிசாலைகளில் வளர்க்கும் எலியின் நுனிகள் நம்முடையவற்றைவிடப் பன்மடங்கு நீண்டவை. அவ்வெலியின் ஆயுளோ இரண்டு மூன்று ஆண்டுகளே. நீளத்தை ஜாதகமாகக் கொள்வது சாஸ்திரம் ஆகாது. மிகக் குறுகிய நுனியைக் கண்டு மச்சை நோயை அறியும் வைத்தியர் செய்வது வேறு. கடைவிரிப்பவர் செய்வது வேறு.

நாம் விவரித்த கட்டுமானமும் எங்கும் ஒரே படித்தாக இல்லை. கருவின் தொடக்க நிலையிலுள்ள எலி உயிரணுக்களிலிருந்து டி.ஆர்.எஃப்.2-ஐ நீக்கினால் யாதொரு கேடும் விளையவில்லை, முனைகள் ஒட்டவில்லை, வளையங்களும் அப்படியே நின்றன. இதனை இரண்டு குழுவினர் 2021-ஆம் ஆண்டில் தனித்தனியே வெளியிட்டனர். அவ்வுயிரணுக்கள் வளர்ந்து பல உறுப்புக்களாக மாறத் தொடங்கியதும் டி.ஆர்.எஃப்.2 இன்றி நிற்க இயலாதவை ஆகின்றன. ஒரே குரோமோசோம், ஒரே ஜதி. செருகும் கை மட்டும் வயதோடு மாறுகிறது.

இனி, முல்லர் ஆராய்ந்த ஈயைப் பற்றி ஒரு சொல். டெலோமியர் என்ற பெயர் பிறந்ததே அந்த ஈயிடமிருந்து. அதனிடத்தில் ஆறெழுத்து ஜதியும் இல்லை, டெலோமரேஸும் இல்லை. குரோமோசோமில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவிச் செல்லும் டி.என்.ஏ. துண்டுகள் சில அதன் நுனியில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து ஒட்டிக்கொண்டு, தேய்ந்த நீளத்தை நிரப்புகின்றன. தாவும் துண்டுகள் உண்டென்று மக்காச்சோளத்திற் கண்டுபிடித்து, அதற்காக 1983-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றவர், முறிந்த முனைகளை ஆராய்ந்த அதே மக்ளின்டாக் அம்மையாரே. ஈயின் முனையை மூடும் புரோட்டீன்களோ எழுத்தைப் பார்ப்பதில்லை. எந்த எழுத்தில் இழை முடிந்தாலும் அங்கே அமர்ந்துவிடுகின்றன. சில விசேஷ மரபுகளில் நுனியிலுள்ள துண்டுகள் யாவும் போய், தலைமுறைக்கு எழுபது எண்பது எழுத்துக்கள் வீதம் தேய்ந்துகொண்டே வரும் குரோமோசோமும், அந்த மூடி மேலே இருக்கும்வரை, மற்றொன்றோடு ஒட்டாமல் தனித்தே நிற்கிறது.